பூனைக்குத் தெள்ளுப்பூச்சி மருந்தா? முதல்ல டப்பாவைத் திருப்பிப் பாரு

வளர்ந்த பூனை ஒண்ணு தெள்ளுப்பூச்சி கடிச்சே செத்துப்போறது ரொம்ப அபூர்வம், தங்கச்சி. ஆனா அந்தப் பூச்சிக்குன்னு போட்ட தப்பான மருந்துல செத்த பூனைங்க எல்லா ஊர்லயும் உண்டு. அதனால சீப்பு, சோப்பு எல்லாம் அப்புறம். மருந்துல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம்ம மதுரை கோச்சடையில வீட்டுப் பூனை, தெருப் பூனைன்னு கோடு போட முடியாது. மேலக்கால் ரோட்டுல அபார்ட்மெண்ட் வந்துருச்சு; உள்ள நுழைஞ்சா மாட்டுக்கொட்டம், ஆத்தங்கரைப் பக்கம் போனா தோப்பு. மத்தியானம் உன் கட்டில்ல தூங்குற பூனை ராத்திரி யார் வீட்டு வைக்கப்போர்ல கிடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. பூச்சி வரத்தான் செய்யும். வந்ததும் நம்ம கை எங்க போகும்? வீட்டுல ஏற்கெனவே இருக்குற மருந்துக்கு. மாட்டு உண்ணிக்கு வாங்கினது, நாய்க்கு வாங்கினது, பிள்ளைக்குப் பேன் வந்தப்ப மெடிக்கல்ல வாங்கினது. இந்த மூணுமே பூனைக்கு விஷமா இருக்கலாம்.

டப்பாவைத் திருப்பு. பின்னாடி பொடி எழுத்துல மருந்தோட சரக்கு என்னன்னு போட்டிருக்கும். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின்னு இருந்தா, பூனைக்குன்னு டாக்டர் எழுதிக் கொடுக்காத வரைக்கும் தொடாத. இதுல பெர்மெத்ரின்தான் ரொம்ப மோசம். மாட்டு உண்ணி மருந்துல பெரும்பாலும் டெல்டாமெத்ரினோ சைபர்மெத்ரினோ இருக்கும். எறும்பு சாக்பீஸ்லயும் இந்த வகைதான். மனுசங்க சொறி சிரங்குக்குப் பூசுற கிரீம்ல 5 சதவீதம் பெர்மெத்ரின் இருக்கு; பேன் லோஷன்ல 1 சதவீதம். நாய்க்குக் கழுத்துல விடுற சில சொட்டு மருந்துல 40 சதவீதத்துக்கும் மேல. நாய் உண்ணிக்குத் தண்ணியில கலந்து ஊத்துற அமிட்ராஸ்னு ஒண்ணு வருது. அதுவும் பூனைக்கு ஆகாது.

கடையில சில பேர் "பூனைக்குத் தனியா இல்லம்மா, நாய் மருந்துலயே பாதி விடுங்க"ன்னு சர்வசாதாரணமாச் சொல்லுவாங்க. எடையைப் பாத்துப் பாதியாக்குற கணக்கு இங்க செல்லாது. பெர்மெத்ரின் நரம்பைத் தூண்டி, திரும்ப அடங்கவிடாமப் பிடிச்சு வச்சுக்கும். நாய் உடம்பும் நம்ம உடம்பும் அதைச் சீக்கிரம் உடைச்சு வெளிய தள்ளிரும். பூனையோட கல்லீரல்ல அந்த வேலைக்கு வேணுங்கிற நொதி ரொம்பக் குறைச்சல். உள்ள போனது தங்கிரும். இதே குறைனாலதான் பாரசிட்டமால் மாத்திரையும் பூனையைக் கொல்லும். அதனால மருந்து ஒத்துக்காமச் சூடா இருக்குன்னு டோலோவை உடைச்சுக் கொடுத்துறாத, உனக்குப் புண்ணியமாப் போகும்.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்குறது இல்ல. அமெரிக்காவுல சொட்டு மருந்து போட்ட நாய், பூனைகளுக்குப் பாதிப்புன்னு புகார் கூடினதால 2009-ல அங்க இருக்குற சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய ஆரம்பிச்சு, 2010 மார்ச்ல முடிவை வெளியிட்டாங்க. நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டது அதுல ஒரு முக்கியமான பிரச்சினை. லேபிள்ல இன்னும் தெளிவா எழுதுங்கன்னு கம்பெனிகளுக்குச் சொன்னாங்க. படிச்ச ஊர்லயே அப்படி.

அப்ப பூனைக்கு எதுதான் போடலாம்? ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட், செலமெக்டின்னு பூனைக்குன்னே வர்ற சொட்டு மருந்துகள் இருக்கு. பூனையோட எடை, வயசு சொல்லி டாக்டர்கிட்டக் கேட்டு வாங்கு. புதுசா ஃப்ளூரலனர் வகையும் வருது. அந்தக் குடும்பத்து மருந்துகள் சில பிராணிகளுக்கு நடுக்கம், வலிப்பு உண்டாக்கலாம்னு 2018-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிச்சுச்சு. உன் பூனைக்கு முன்னாடி எப்பவாவது வெட்டு வந்திருந்தா டாக்டர்கிட்ட மறைக்காமச் சொல்லு.

மருந்தை முதுகுல விடாத. தலைக்குக் கீழ பிடரியில, நாக்கு எட்டாத இடத்துல, முடியை விலக்கித் தோல்ல விடணும். ரெண்டு பூனை இருந்தா காயுற வரைக்கும் பிரிச்சு வை. ஒண்ணை ஒண்ணு நக்கும். நக்கிருச்சுன்னா வாயில நுரையா எச்சில் கொட்டும். பாக்கப் பயமா இருக்கும், ஆனா பெரும்பாலும் அது கசப்புக்குத்தான். கொஞ்ச நேரத்துல அடங்கிரும். விட்ட இடத்துல முடி ஒட்டிக்கிறது, லேசாச் சிவக்கிறது, ஒரு திட்டு முடி கொட்டுறது, ஒரு நாள் மந்தமா இருக்குறது எல்லாம் உண்டு. தோல் புண்ணாச்சுன்னாலோ, ரெண்டு நாளாச் சாப்பிடலைன்னாலோ காட்டிரு.

பயப்பட வேண்டிய அறிகுறி வேற. காது படபடன்னு துடிக்கும். பாதத்தை உதறும், முகத் தோல் சுண்டும், நடை தள்ளாடும். அப்புறம் உடம்பு பூரா நடுங்கும், கண்மணி விரியும், வலிப்பு வரும். மருந்து பட்டுச் சில மணி நேரத்துல வரலாம், ஒரு நாள் கழிச்சும் வரலாம். ராத்திரி விட்டுட்டுத் தூங்கிறாத. காலையில விடு, பகல் பூரா கண்ணுல படும்.

அந்த நடுக்கத்தைப் பாத்தா டாக்டருக்கு முதல்ல போன். பூனை நிதானத்துல இருந்தா மட்டும், வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற திரவ சோப்பைக் கொஞ்சமா விட்டு அந்த இடத்தைக் கழுவு. மருந்து எண்ணெய்ப் பசை. வெறும் தண்ணிக்குப் போகாது. பச்சைத் தண்ணி வேண்டாம், உடம்பு குளுந்தா விஷத்தோட வேகம் கூடும். வெந்நீரும் வேண்டாம், தோல் வழியா உள்ள இழுக்கும். துவட்டித் துண்டுல சுத்தி, இருட்டான கூடையில வச்சுக் கிளம்பு. வலிப்பு வந்துட்டா குளிப்பாட்டவே செய்யாத, நேரா ஓடு. பால் ஊத்துறது, உப்புத் தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்கிறது எதுவும் கூடாது, புரையேறிரும். ஒரு சொட்டு மருந்து மிஞ்சியிருந்தாலும் டப்பாவோட எடுத்துட்டுப் போ. எந்தச் சரக்குன்னு தெரிஞ்சாத்தான் டாக்டருக்கு வழி தெரியும். இதுக்கு முறிவு மருந்துன்னு ஒண்ணு கிடையாது. நடுக்கத்தை அடக்க ஊசி, ட்ரிப்ஸ், கூடவே கவனிப்பு. நேரத்துக்குப் போனா பெரும்பாலான பூனைங்க ரெண்டு மூணு நாள்ல தேறிருது. தல்லாகுளத்துல அரசு கால்நடை மருத்துவமனை இருக்கு, ஆனா நம்ம ஏரியாவுல இருந்து ஆத்தைத் தாண்டிப் போகணும். ராத்திரி யாரைக் கூப்பிடுறதுன்னு நல்லா இருக்குறப்பவே விசாரிச்சு நம்பரை எழுதி வச்சுக்க.

இப்ப நெறையப் பேர் மாட்டிக்கிற ஒரு இடம். மருந்து போட்டு ஒரு வாரத்துல திரும்பவும் பூச்சி தென்படும். "மருந்து வேலை செய்யலை"ன்னு மறுபடி ஒரு தடவை விடுவாங்க. அங்கதான் அளவு மீறும். பூனை மேல ஓடுற பூச்சி கொஞ்சம்தான். மிச்சம் முட்டையாவும் புழுவாவும் கூடாவும் பாய்லயும் சோபா இடுக்குலயும் கிடக்கு. கூட்டுக்குள்ள இருக்குறதை எந்த மருந்தும் சுலபமாத் தொடாது, அது வாரக்கணக்குல ஒவ்வொண்ணா வெளிய வரும். நீ செய்ய வேண்டியது பூனைக்கு இல்ல, வீட்டுக்கு. அது படுக்குற துணியை வாராவாரம் வெந்நீர்ல அலசி மதுரை வெயில்ல காயப்போடு. மூலை முடுக்கைக் கூட்டி, குப்பையை அப்பவே வெளிய தள்ளு. அடுத்த சொட்டு டப்பாவுல சொன்ன நாள்லதான்.

கை வைத்தியம்னு வேப்பெண்ணெய், யூகலிப்டஸ் தைலம், மண்ணெண்ணெய்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து வந்துரு. நமக்கு இயற்கையா இருக்குறதைப் பூனை நாக்கால வழிச்சு முழுங்கிரும். பாச்சை உருண்டையைப் படுக்கைத் துணியில வைக்கிறதும் விஷம்தான். எனக்குச் சுத்தமாப் பிடிக்காத இன்னொண்ணு, பேர் ஊர் இல்லாத கழுத்துப்பட்டை. கழுத்துப் புண்ணாகும், சுவர் ஏறுறப்ப மாட்டிக்கும், உள்ள என்ன மருந்துன்னும் போட்டிருக்காது.

ரெண்டு மாசம் ஆகாத குட்டிக்கு மருந்தே வேண்டாம். ஆனா அதுங்களைத்தான் தெள்ளுப்பூச்சி இரத்தம் உறிஞ்சி சோகையாக்கிரும். ஈறு வெளுத்துருந்தா தாமதிக்காமத் தூக்கிட்டுப் போ. மத்தபடி பேன் சீப்பால வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணியில முக்கு. வாரினதுல கருப்புத் தூள் வந்தா ஈர வெள்ளைத் துணியில தட்டிப் பாரு. செம்பழுப்பாக் கரைஞ்சா அது பூச்சியோட எச்சம்.

கடைசியா ஒண்ணு. பக்கத்து வீட்டு நாய்க்கு விடுற சொட்டு மருந்து, அதோட உரசிப் படுக்குற உன் பூனைக்கும் ஒட்டும். மருந்து விடுற அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி வை. மூணு நாள் பூனையை வெளிய விடாத.