முதலில் வாங்க வேண்டியது குழாயா, மவுண்டா?

டி.எஸ்.எல்.ஆர். கையில் இருக்கிறது, எந்த டெலஸ்கோப் வாங்கலாம் என்று கேட்பவர்கள் முதலில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: எடுக்கப்போவது நிலாவையா, நெபுலாவையா? இரண்டுக்கும் ஒரே கருவி போதும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

நிலா என்றால் செலவு குறைவு. வெயில் பட்ட பாறைதானே அது, வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. எஃப்/6 குழாயில், ஐ.எஸ்.ஓ. 100-இல், பௌர்ணமிக்கு 1/320 நொடி வாக்கில் போதும். அதற்குள் பூமியின் சுழற்சி படத்தில் தெரியாது என்பதால், கையால் நகர்த்தும் டாப்சோனியனே போதும். (அஷ்டமி வாக்கில் எடுங்கள். பள்ளங்களில் நிழல் விழுவது அப்போதுதான். பௌர்ணமி நிலா படத்தில் தட்டையாகக் கிடக்கும்.) வாங்குமுன் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: டி-ரிங் (கேமராவைக் குழாயோடு இணைக்கும் வளையம்) மாட்டிய கேமராவுக்கு அந்தக் குழாயில் குவியம் எட்டுமா? கண்ணால் பார்க்கவென்றே செய்த பல நியூட்டோனியன்களில் எட்டாது. பிம்பம் குழாயை ஒட்டியே விழுந்துவிடும். சென்சாரோ கேமராவுக்குள் தள்ளி இருக்கும். பார்லோ லென்ஸ் பெரும்பாலும் கைகொடுக்கும். ஆனால் 1200 மி.மீ. குவியத்தூரமுள்ள குழாயில் 11 மி.மீ. அகலம் விழும் நிலா, இரட்டிப்பு பார்லோ போட்டால் 22 மி.மீ. ஆகிவிடும். ஏ.பி.எஸ்-சி சென்சாரின் உயரம் சுமார் 15 மி.மீ.தான்.

கோள்கள்? அதே குழாயில் வியாழன் கால் மி.மீ. அளவே விழும். வீடியோ எடுத்து, நல்ல ஃபிரேம்களை அடுக்கிப் பார்க்கலாம். அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

நெபுலா, கேலக்ஸி என்றால் கணக்கே மாறிவிடும். ஷட்டரை நிமிடக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். வானமோ 4 நிமிடத்தில் 1 பாகை, அதாவது இரண்டு நிலா அகலம், நகர்ந்துவிடும். தானாகப் பின்தொடரும் ஆல்ட்-அசிமத் மவுண்டும் நெடுநேரத்துக்கு உதவாது. நடு விண்மீன் அசையாமல் நிற்க, ஓரத்து விண்மீன்கள் வில்லாக வளையும். பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் சுழலும் ஈக்வடோரியல் மவுண்ட்தான் வழி. பணத்தில் பெரும்பங்கை அதில் போடுங்கள். ஆடும் மவுண்டில் ஏற்றிய விலையுயர்ந்த குழாய் வீண்.

என்னைக் கேட்டால், முதல் வருடம் டெலஸ்கோப்பே வேண்டாம். சிறிய ஸ்டார் டிராக்கர் ஒன்று, 135 அல்லது 200 மி.மீ. லென்ஸ் ஒன்று. ஆண்ட்ரோமீடா கேலக்ஸி ஆறு நிலா அகலம், 1200 மி.மீ. குழாயில் அடங்காதது 200 மி.மீ. லென்ஸில் அழகாக உட்காரும். குவியத்தூரம் குறையக் குறைய மவுண்டின் சிறு பிசகுகளும் படத்தில் தெரியாது.

நம் ஊரில் ஒரு தொல்லை உண்டு. மவுண்டைத் துருவ விண்மீனை நோக்கி நிறுத்த வேண்டும்; அது சென்னையில் அடிவானத்துக்கு மேல் 13 பாகை, கன்னியாகுமரியில் 8 பாகைதான். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே மறைத்துவிடும். மொட்டைமாடியில் வடக்கு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மவுண்டை அவ்வளவு தாழ்வாகச் சாய்க்க முடியுமா என்றும் விசாரித்த பிறகே பணத்தை எடுங்கள். பதிலுக்கு, ஐரோப்பாவில் பெரும்பாலோர் காணாத ஒமேகா சென்டாரி நமக்குத் தெற்கே சென்னையிலேயே 30 பாகை உயரம் ஏறும்.

கேமராவில் சென்சாருக்கு முன்னுள்ள வடிகட்டியைக் கழற்றும் யோசனையைத் தள்ளிப் போடுங்கள். ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பில் பெரும்பகுதியை அது தடுப்பது உண்மைதான். ஆனால் ஆண்ட்ரோமீடாவுக்கும் விண்மீன் கொத்துகளுக்கும் அது தடையில்லை. ஓரியன் நெபுலாவோ கழற்றாத கேமராவிலும் நன்றாகவே விழும்.