சுவரை இடிக்காதே, கதவைத் திற!



பண்ணைப்புரத்திலிருந்து கேரளம் செல்வோர் கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடியை அறிவர். கணினியில் உள்ள ஃபயர்வாலும் அத்தகைய காவலே. அழையாமல் வரும் செய்திகளை அது உள்ளே விடாது.

சில வேளை இக்காவலால் நம் பிரிண்டரே கணினிக்குத் தென்படாமல் போகும். உடனே காவலை முழுவதும் அணைத்து விடுவோர் உண்டு. அது பெருந்தவறு! மாணவியரின் முகவரியும் மதிப்பெண்ணும் அதே கணினியில் அல்லவா இருக்கின்றன?

செய்ய வேண்டியவை மூன்று. விண்டோஸ் கணினியில் பள்ளி நெட்வொர்க் 'பொது' என்றிருந்தால், 'தனிப்பட்டது' என மாற்ற வேண்டும். பிரிண்டருக்கு மாறாத ஐ.பி. எண் தர வேண்டும். காவல் இன்னும் கடுமையாயின், அந்த எண்ணுக்குச் செல்ல 9100, 631 என்னும் வாயில்களை மட்டும் அனுமதிக்க வேண்டும்.

ஆனால் பிரிண்டரின் வாயிலை வெளி இணையத்திற்குத் திறந்து வைக்கலாகாது. 2018 நவம்பரில், 9100 திறந்து கிடந்த பல்லாயிரம் பிரிண்டர்கள் உலகெங்கும் முன்பின் அறியாத ஒருவர் அனுப்பிய தாளை அச்சிட்டன. நம் நாட்டு டி-சீரிஸை யூடியூபில் முந்தவிடாதீர் என்பதே அதிலிருந்த வேண்டுகோள்! அன்று வந்தது வெறும் விளம்பரம். நாளை வருவது எதுவோ?

வீட்டிற்குக் கதவு வேண்டும். கதவிற்குத் தாழ்ப்பாளும் வேண்டும். இதை மறவாதிருப்போமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி