பள்ளி மேம்பாட்டுத் திட்டம்: பிள்ளையின் வாசிப்பில் தொடங்கி எழுதுவது எப்படி?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நீங்கள் உறுப்பினராக இருந்தால், சட்டம் உங்கள் கையில் ஒரு வலுவான தாளைக் கொடுத்திருக்கிறது. அதன் பெயர் பள்ளி மேம்பாட்டுத் திட்டம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 22ஆவது பிரிவு அந்தக் குழுவைத் திட்டம் எழுதச் சொல்கிறது. அதோடு, அரசும் உள்ளாட்சியும் தீட்டும் திட்டங்களுக்கும் கொடுக்கும் மானியங்களுக்கும் இந்தத் தாளே அடிப்படை என்றும் சொல்கிறது. இவ்வளவு வலுவுள்ள தாள், சுற்றுச்சுவர், மின்விசிறி, வர்ணம் என்று ஒரு தேவைப் பட்டியலாகச் சுருங்கிவிட்டால் மேலிடத்தில் அது நூறு மனுக்களோடு நூற்றொன்றாகக் கிடக்கும். பிள்ளைகளால் இன்று என்ன முடிகிறது என்பதை முதலில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு என்ன முடிய வேண்டும் என்பதை அதன் பின் எழுதுங்கள். பணத்தைக் கடைசியில் எழுதுங்கள். அப்போது அந்தத் தாளைத் தட்டிக்கழிப்பது கடினம்.

முதலில் காலத்தைக் கவனியுங்கள். நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே திட்டம் தயாராக வேண்டும் என்பது மத்திய அரசின் மாதிரி விதிகளில் உள்ள கணக்கு. அதாவது டிசம்பர் முடிவு. மூன்றாண்டுத் திட்டமாக, ஆண்டுக்கொரு பகுதியாகப் பிரித்து எழுத வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. மார்ச்சில் உட்கார்ந்து எழுதினால் அடுத்த ஆண்டுக்கான மாவட்டக் கணக்கு அதற்குள் மேலே போயிருக்கும். அக்டோபரில் தொடங்கினால் அவசரமில்லாமல் முடிக்கலாம்.

முதல் வேலை வாசிப்பைப் பார்ப்பது. தலைமையாசிரியரிடம் பேசி இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு கழித்தல் கணக்கு போடச் சொல்லுங்கள். இதைத் தேர்வு போல நடத்த வேண்டாம், பிள்ளைகள் மிரண்டுபோவார்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போல நடக்கட்டும். கவனிக்க வேண்டியது மதிப்பெண்ணை அல்ல, பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை. ‘க, கா’ தடையில்லாமல் சொல்லும் பிள்ளை ‘கெ, கே, கொ, கோ’ வரும்போது தயங்குகிறதா? எழுத்தெல்லாம் தெரிந்தும் ‘காற்று’, ‘கன்று’ போன்ற சொற்களில் எழுத்து எழுத்தாக உடைத்துப் படிக்கிறதா? 42இல் 17 போனால் 35 என்று எழுதும் பிள்ளையைக் கணக்கு வராத பிள்ளை என்று தள்ளிவிடக் கூடாது. அது ஏழிலிருந்து இரண்டையும் நான்கிலிருந்து ஒன்றையும் சரியாகவே கழித்திருக்கிறது. பத்தைக் கடன் வாங்குவது மட்டும் பிடிபடவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளை வைத்துச் சில நாள் பழக்கினால் தெளியக்கூடிய குறை அது. தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பதும் இந்த நோக்கத்துக்காகத்தான். ஆசிரியரிடம் அந்தப் பதிவு இருக்கும். உங்கள் பட்டியலை அதோடு வைத்துப் பாருங்கள். பெயர் உள்ள பட்டியல் பள்ளிக்குள்ளேயே இருக்கட்டும். கிராம சபையில் எண்ணிக்கையை மட்டும் படியுங்கள். எந்தப் பிள்ளையின் தலையும் ஊருக்கு முன் குனியக் கூடாது.

எழுதப் படிக்கச் சிரமப்படும் தாய்மார்களைக் குழுவில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. மகளிர் சுய உதவிக் குழுக்களில் சேமிப்பு, கடன், வட்டி, தவணை என்று மாதந்தோறும் கணக்குப் பார்ப்பவர்கள் இதே தாய்மார்கள்தான். தட்டுத்தடுமாறிப் படிப்பதற்கும் சரளமாகப் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காதே சொல்லிவிடும். அதற்குப் பட்டம் தேவையில்லை.

அடுத்து இலக்கு. எடுத்துக்காட்டாக 72 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் உள்ள ஒரு பள்ளியை வைத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்பில் 16 பேர். அவர்களில் 5 பேர் பத்தியைச் சரளமாகப் படிக்கிறார்கள், 7 பேர் சொல்லை உடைத்துப் படிக்கிறார்கள், 4 பேருக்கு உயிர்மெய் எழுத்துகளே பிடிபடவில்லை. ‘கல்வித் தரத்தை உயர்த்துதல்’ என்று எழுதினால் யாரும் எதற்கும் பொறுப்பாக மாட்டார்கள். ‘அடுத்த டிசம்பருக்குள் இந்த 7 பேரும் பத்தி படிப்பார்கள், 4 பேரும் சொற்களைக் கூட்டிப் படிப்பார்கள்’ என்று எழுதுங்கள். இங்கே ஒன்று கவனத்தில் இருக்கட்டும்: இந்தப் பிள்ளைகள் மூன்றாண்டுத் திட்டம் முடியும் முன்பே ஐந்தாம் வகுப்பை முடித்து வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள். ஆகவே அவர்களுக்கான இலக்கு முதல் ஆண்டுப் பகுதியில்தான் வர வேண்டும். கட்டடம் மூன்றாம் ஆண்டு வரை காத்திருக்கலாம், உயிர்மெய் காத்திருக்காது.

இப்படி எண்ணில் இலக்கு வைத்தால் ஆசிரியர்கள் எண்ணைத் துரத்த ஆரம்பித்துவிடுவார்கள் என்பது தள்ளிவிட முடியாத எதிர்வாதம். அமெரிக்கா இதற்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறது. அங்கே 2002இல் கையெழுத்தான ஒரு சட்டம், 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. ஒவ்வொரு பள்ளியும் மாவட்டமும் ஆண்டுதோறும் எட்ட வேண்டிய முன்னேற்றத்தை வரையறுத்தது; தொடர்ந்து தவறிய பள்ளிகளுக்கு நடவடிக்கை என்றது. சில மாநிலங்கள் தேர்ச்சியின் அளவையே தாழ்த்திக்கொண்டன. அட்லாண்டா நகரில் 44 பள்ளிகளைச் சேர்ந்த 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் விடைத்தாள் முறைகேட்டில் தொடர்புடையவர்கள் என்று 2011இல் மாநில விசாரணை அறிக்கை சொன்னது. 2015இல் அந்தச் சட்டத்தை மாற்றி வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, இலக்கே கூடாது என்ற பாடத்தை அல்ல. எட்ட முடியாத ஒரே இலக்கை எல்லோர் மேலும் சுமத்தி, அதோடு தண்டனையைக் கட்டியதுதான் கேடு. உங்கள் இலக்கு உங்கள் பள்ளியின் இன்றைய நிலையிலிருந்து எழுந்தது. அதை வைத்து யாருடைய சம்பளத்தையும் பிடிக்கப்போவதில்லை. ‘இந்த எண்கள் ஆசிரியரைக் குறைகூறப் பயன்படா, உதவி கேட்கவே பயன்படும்’ என்று தீர்மானத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆசிரியர் உங்கள் பக்கம் நிற்பார். அவர் இல்லாமல் இந்த வேலை ஒரு அடி நகராது.

இனி ஒவ்வொரு இலக்குக்கும் எது தடை, அதை நீக்கும் பணம் எந்தப் பையில் இருக்கிறது என்று பிரியுங்கள். எல்லாவற்றையும் ஒரே அலுவலகத்திடம் கேட்பதுதான் வழக்கமான தவறு. 72 பிள்ளைகள் உள்ள பள்ளிக்குச் சட்டத்தின் அட்டவணைப்படி மூன்று ஆசிரியர்கள் வேண்டும். 61 முதல் 90 வரை அதுதான் கணக்கு. இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூன்றாவது ஆசிரியரைக் கேட்பது உரிமை. இதை வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலரிடம் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. 72 ஆல் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 347 ரூபாய், பள்ளி நடக்கும் ஒரு நாளுக்கு 2 ரூபாய்கூட இல்லை. இந்தக் கணக்கைத் திட்டத்திலேயே போட்டுக் காட்டுங்கள். தொடக்கப் பள்ளிக்கு நூலகத்துக்கு 5,000, விளையாட்டுப் பொருளுக்கு 5,000 என்று தனித்தனியே உண்டு. வாசிப்பு இலக்கு வைத்த பள்ளிக்கு நூலகப் பணம் மிகவும் முக்கியம். பீரோவில் பூட்டி வைக்கும் தடித்த நூல்கள் வேண்டாம், பெரிய எழுத்தில் படத்தோடு உள்ள சிறு கதைப் புத்தகங்களைக் கேட்டு வாங்குங்கள். கட்டடம், சுற்றுச்சுவர், கழிப்பறை ஆகியவற்றுக்கு ஊராட்சி ஒன்றியத்தையும் கிராம சபையையும் அணுகுங்கள். கிராம சபைத் தீர்மானத்தின் நகலைத் திட்டத்தோடு இணையுங்கள்.

திட்டம் எழுதி என்ன பயன், பணமே வரவில்லையே என்ற ஆதங்கம் நியாயமானது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியில் மத்திய அரசு 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் தர வேண்டும். மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பதற்காக 2024-25இல் அந்த 60 பங்கு நிறுத்தப்பட்டது. வர வேண்டிய தொகை 2,152 கோடி ரூபாய் என்று தமிழ்நாடு அரசு சொன்னது. பிள்ளைகளின் பணத்தை அரசியல் பிடிவாதத்துக்குப் பிணையாக வைப்பது பெரும் அநீதி. அதை ஒரு கிராமத்துக் குழு தனியாகத் தீர்க்க முடியாது. ஆனால் பணம் சுருங்கும் ஆண்டில்தான் எதை முதலில் செய்வது என்ற வரிசை தேவைப்படுகிறது. இருப்பது 10,000 ரூபாய்தான் என்றால் அது வர்ணத்துக்கா, அந்த 11 பிள்ளைகளின் வாசிப்புக்கா என்று முடிவெடுக்க உங்கள் தாள் உதவும். மேலும், ஆசிரியர் பணியிடம் போன்ற பெரிய கோரிக்கைக்கு இந்த மானியம் வராதது தடையாக நிற்பதும் இல்லை.

மாவட்டம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளி தன் நிலையைப் பதியும் யூடைஸ் படிவத்தின் விவரம் வட்டாரம் வழியாக மாவட்டத்துக்குப் போய், மாவட்டத்தின் ஆண்டு வேலைத் திட்டமும் வரவுசெலவும் ஆகி, மாநிலத்தின் கணக்கோடு சேர்ந்து டெல்லியில் ஒப்புதலுக்குப் போகிறது. தண்ணீர் வராத கழிப்பறை ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று அந்தப் படிவத்தில் பதிவாகியிருந்தால் நீங்கள் எத்தனை மனு கொடுத்தாலும் பணம் வராது. கணினியில் உங்கள் பள்ளிக்குக் குறையே இல்லை. ஆகவே படிவம் போகும் முன் தலைமையாசிரியரோடு உட்கார்ந்து வரிவரியாகச் சரிபாருங்கள். மத்தியக் கல்வி அமைச்சகம் மாவட்டங்களுக்குச் செயல்திறன் குறியீடு ஒன்று வைத்திருக்கிறது. அதில் மொத்தம் 600 புள்ளி. கற்றல் உள்ளிட்ட விளைவுகளுக்கு 290 புள்ளி, உட்கட்டமைப்புக்கும் மாணவர் வசதிகளுக்கும் 51தான். மாவட்டத்தை அளப்பதிலும் பிள்ளைகளின் கற்றலுக்குப் பெரிய இடம் உண்டு. கற்றலில் தொடங்கும் உங்கள் திட்டம் மாவட்ட அலுவலருக்கும் பயன்படும் தாள்.

திட்டத்தில் தலைவரும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டதும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை உரிய அலுவலகத்தில் கொடுத்து மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஏப்ரல் பிறந்ததும் மாவட்டத்துக்கு ஒப்புதலான பட்டியலில் உங்கள் பள்ளிக்கு என்ன வந்திருக்கிறது என்று வட்டார வள மையத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். ஆசிரியர் பணியிடம் போன்ற உரிமை மறுக்கப்பட்டால், கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆவது பிரிவின் கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். அது சரியில்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு உண்டு. இதற்கிடையே ஜூலையிலும் டிசம்பரிலும் பழைய பட்டியலை எடுத்து, அதே பிள்ளைகளைத் திரும்ப வாசிக்கச் சொல்லி, பெயருக்கு நேரே புதுக் கட்டம் போட்டு எழுதுங்கள். குழுக் கூட்டத்தில் செலவுக் கணக்கைப் படிக்கும் முன் அந்தக் கட்டத்தைப் படியுங்கள்.