வயிற்றில் நிணநீர்க் கட்டி: அச்சம் வேண்டா, கவனம் வேண்டும்

காலில் முள் தைத்துப் புண் பழுத்தால், தொடை இடுக்கில் நெறி கட்டுவதை நாம் அறிவோம். நம் உடலில் நிணநீர் மண்டலம் என ஒன்று இருப்பதற்கு அதுவே அடையாளம். இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரைச் சேகரித்து, மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் பணியாகும். குடலிலிருந்து கொழுப்புச் சத்தை ஏற்றிச் செல்வனவும் இவையே. ஆகவே, உணவுக்குப் பின் அங்கு ஓடும் நிணநீர் ரப்பர்ப் பாலைப்போல் வெண்மையாக இருக்கும்.

கட்டி தோன்றுவது எவ்வாறு?

தாயின் கருவில் வளரும்போதே இக்குழாய்களுள் சில சரிவர அமையாமற் போவதுண்டு. வடிய வழியில்லாத நீர் தோட்டத்துக் கானில் தேங்குவதுபோல, அங்கே நிணநீர் தேங்கிப் பைபோல் வீங்குகிறது. இதனை மருத்துவர்கள் லிம்பாஞ்சியோமா என்பர். இக்கட்டிகள் பெரும்பாலும் கழுத்திலும் அக்குளிலும் தோன்றும். வயிற்றினுள் தோன்றுபவை 100க்கு 5க்கும் குறைவு. சிறுவரிடமே மிகுதியாகக் காணப்படினும், பெரியவர்களிடமும் கண்டறியப்படுவதுண்டு. இது புற்றுநோய் அன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் அன்று.

அறிகுறிகள்

வயிறு சிறிது சிறிதாகப் பருத்தல், வலி, வாந்தி ஆகியவை இதன் அறிகுறிகள். வயிற்றுப் பூச்சி என்றெண்ணிப் பேதி மருந்து கொடுத்துக் காலம் கடத்துதல் கூடாது. வயிற்றை உருவி விடுதல் அதனினும் தீது. கட்டியினுள் இரத்தம் கசியலாம். அது வெடிக்கவும் கூடும். சில வேளைகளில் குடலே முறுக்கிக்கொள்ளும். கடும் வலியோ காய்ச்சலோடு ஓயாத வாந்தியோ கண்டால், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சிகிச்சை

நிபோங் திபால் வட்டாரத் தோட்டத்தார் முதலில் அரசாங்கச் சுகாதார நிலையத்தை நாடலாம். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளியே. தேவைப்படின் சுங்கை பாக்காப் மருத்துவமனைக்கோ, செபராங் ஜெயா, பினாங்கு மருத்துவமனைகளின் நிபுணர்களிடமோ அனுப்பி வைப்பர். ஸ்கேன் பரிசோதனையில் கட்டியின் அளவும் இடமும் தெரியவரும்.

தொல்லை தராத சிறு கட்டியை உடனே அறுக்க வேண்டுவதில்லை. கண்காணித்து வந்தால் போதும். தொல்லை தருவதை அறுவைச் சிகிச்சையால் முழுமையாக அகற்றுவர். குடலோடு ஒட்டியிருப்பின், அக்குடற் பகுதியையும் சிறிதளவு நீக்க நேரிடும். அறுக்க இயலாதவிடத்துக் கட்டியினுள் மருந்து செலுத்திச் சுருங்கச் செய்வதுண்டு. சிலருக்குச் சிரோலிமஸ் என்னும் மருந்தைக் கொடுப்பர். 1964ஆம் ஆண்டில் ஈஸ்டர் தீவில் எடுத்த மண்ணிலிருந்த நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது இம்மருந்து. இதனை உண்போர் தவறாது இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கண்காணிப்பே காவல்

கட்டியின் ஒரு பகுதி எஞ்சிவிட்டால் அது மீண்டும் வளரக்கூடும். தொடக்கத்தில் வலி இராது. எனவே, ‘வலியில்லையே, ஒரு நாட் கூலியை ஏன் இழப்பது?’ என்று மருத்துவர் குறித்த நாளைத் தவறவிடுதல் கூடாது. முந்தைய ஸ்கேனோடு ஒப்பிட்டே வளர்ச்சியை அறிய முடியும். ஆதலால் அறிக்கைகளையும் மருத்துவமனை அட்டையையும் பத்திரப்படுத்துவோம். வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தாலும் உடன் கொண்டு செல்வோம். நம் பிள்ளைகளின் நலனுக்கு அத்தாள்களும் ஒரு காவலே.