மாற்றத்தைக் காட்டும் ஆங்கில வினைகள்

மாணவர்களே, ஒரு நிலையில் இருப்பதும் அந்த நிலைக்கு மாறுவதும் ஒன்றல்ல. 'ஐ வாஸ் டயர்ட்' என்றால் நான் களைப்பாக இருந்தேன். 'ஐ கொட் டயர்ட்' என்றால் களைத்துப்போனேன். அதாவது, முன்பு இல்லாத களைப்பு பின்பு வந்தது. கட்டுரையில் மாற்றத்தைச் சொல்ல வேண்டிய இடத்திலும் 'வாஸ்' என்றே எழுதிப் பலர் புள்ளிகளை இழக்கின்றனர்.

தமிழில் பெரும்பாலும் வினைச்சொல்லே மாற்றத்தைக் காட்டிவிடும்: இருட்டியது, சிவந்தது, புளித்தது. ஆங்கிலத்தில் இத்தகைய இடங்களில் பெரும்பாலும் ஒரு வினையும் ஒரு பெயரடையும் சேர்ந்து வரும். இருட்டியது என்பது 'இட் கொட் டார்க்' ஆகும். எந்தப் பெயரடையுடன் எந்த வினை சேரும் என்பதே நாம் கற்க வேண்டியது.

1. பிகம்: பெயரடை, பெயர்ச்சொல் இரண்டுடனும் வரும். உதாரணம்: 'இன் 1972 சிலோன் பிகேம் எ ரிபப்ளிக்' (1972இல் இலங்கை குடியரசாகியது). பெயர்ச்சொல்லின் முன் 'எ' அல்லது 'அன்' இடத் தவறாதீர்கள். ஒருவர் மட்டுமே வகிக்கும் பதவியாயின் அதை விட்டுவிடலாம்: 'இன் 1960 சிரிமாவோ பண்டாரநாயக்க பிகேம் பிரைம் மினிஸ்டர்'.

2. கெட்: பேச்சிலும் கடிதத்திலும் அதிகம் வரும். பெயரடையுடன் மட்டுமே 'ஆகு' என்ற பொருள் தரும். 'ஷீ கொட் எ நேர்ஸ்' என்று எழுதினால் அவள் தாதியானாள் என்று பொருள்படாது. அவளுக்கு ஒரு தாதி கிடைத்தாள் என்றாகிவிடும்! 'கெட் மரீட்', 'கெட் லொஸ்ட்' என்பவற்றையும் மனதிற் கொள்க. மாற்றம் தொடர்ந்து கூடிச் செல்வதாயின், 'இட் இஸ் கெட்டிங் ஹொட்டர் அன்ட் ஹொட்டர்' என்க.

3. கோ: பெரும்பாலும் கெடுதலான மாற்றத்துக்கு வரும். தமிழிலும் 'கெட்டுப்போயிற்று' என்று 'போ' சேர்க்கிறோம் அல்லவா? 'த மில்க் வென்ட் பேட்', 'ஹீ வென்ட் பிளைன்ட்'. ஆனால் கவனம்: களைத்துப்போனேன் என்பதற்கு 'வென்ட் டயர்ட்' என்பது பிழை; நோயுற்றான் என்பதற்கு 'வென்ட் இல்' என்பதும் பிழை.

4. டேர்ன்: நிறத்துக்கும் வயதுக்கும் வரும். 'த லீவ்ஸ் டேர்ன்ட் யெலோ', 'ஐ டேர்ன்ட் சிக்ஸ்டீன்'. ஒரு பொருள் வேறொன்றாக மாறினால் 'டேர்ன் இன்டு' வரும்: 'வோட்டர் டேர்ன்ஸ் இன்டு ஸ்டீம்'.

5. குறோ: மெல்ல மெல்ல நிகழும் மாற்றம். 'மை கிரான்ட்ஃபாதர் இஸ் குறோயிங் ஓல்ட்'.

6. மரபுத்தொடர்கள்: 'ஃபோல் அஸ்லீப்' (உறங்கிவிடு), 'ஃபோல் இல்' (நோயுறு), 'கம் ட்ரூ' (நனவாகு). இவற்றை அப்படியே மனனம் செய்க.

கவனிக்க: பின்னால் இன்னொரு வினை வருமாயின் 'பிகம் டு' என்று எழுதக் கூடாது. விரும்பத் தொடங்கினேன் என்பதற்கு 'ஐ கேம் டு லைக் இட்' என்பதே சரி.

பயிற்சி
கொட், வென்ட், பிகேம், ஃபெல், கேம், டேர்ன்ட் இன்டு ஆகியவற்றை ஒவ்வொரு தடவை மட்டும் பயன்படுத்தி இடைவெளிகளை நிரப்புக.

1. த ஃபிஷ் ........ பேட்.
2. த பேபி ........ அஸ்லீப்.
3. மை சிஸ்டர் ........ எ டீச்சர்.
4. வீ ........ லொஸ்ட் இன் த டவுன்.
5. த ஐஸ் ........ வோட்டர்.
6. ஹேர் ட்ரீம் ........ ட்ரூ.

விடைகள்: 1. வென்ட் 2. ஃபெல் 3. பிகேம் 4. கொட் 5. டேர்ன்ட் இன்டு 6. கேம்

மூன்றாம் வினாவுக்குக் 'கொட்' என எழுதியிருந்தால் இரண்டாம் பகுதியை மீண்டும் ஒரு முறை வாசியுங்கள். ஐந்தாவதற்குப் 'பிகேம்' எழுதியவர்களின் இலக்கணம் பிழையல்ல. ஆனால் அச்சொல் மூன்றாவதற்கு வேண்டும். வினாவின் அறிவுறுத்தலை முழுமையாக வாசிப்பதும் புள்ளி பெறும் வழியே.