பேச்சின் எடைக்கல்

நுழையும்முன்

கருத்துரிமை என்பது அரசுக்கும் குடிமக்களுக்கும் இடைப்பட்டது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. இன்று இளைஞர் கூடிப் பேசும் இடங்களுள் பல, தனியாருக்கு உரியவை. இணைய விளையாட்டுக் குழுக்களில் யார் பேசலாம், எதைப் பேசலாம் என்பதைக் குழுவை நடத்துவோரே முடிவு செய்கின்றனர். அம்முடிவு நேர்மையானதா என்பதை எவ்வாறு அளப்பது? புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டில் இவ்வினாவுக்கு ஒரு விடை கிடைக்கிறது.

சந்தையும் சொல்லும்

புதுச்சேரி நகரில் நேரு வீதியை ஒட்டி அமைந்துள்ளது பெரிய மார்க்கெட். புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயரால் அது குபேர் அங்காடி எனவும் வழங்கப்படுகிறது. காயும் கனியும் பூவும் மீனும் விற்கப்படும் அவ்விடத்தில் பொருளோடு சொல்லும் கைமாறுகிறது. விலை கூவுதல், பேரம் பேசுதல், ஊர்ச்செய்தி பகிர்தல், அரசியலை அலசுதல் ஆகிய யாவும் சந்தையின் இயல்புகளே.

எனினும், சந்தை விதிகளற்ற இடமன்று. கீரைக்கும் மீனுக்கும் விலை சொல்லும் உரிமை விற்பவருக்கு உண்டு. ஆனால், ஒரு கிலோ என்பது எவ்வளவு என்பதை அவர் தீர்மானிக்க இயலாது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், வணிகத்தில் பயன்படும் எடைக்கற்களும் தராசுகளும் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும் என்கிறது. கடை ஒருவருக்கு உரியது. எடைக்கல்லோ எல்லாருக்கும் பொது. இவ்வேறுபாடு பேச்சுக்கும் பொருந்தும்.

எல்லை கடந்த இதழ்

பேச்சுரிமையின் வரலாற்றில் புதுச்சேரிக்குத் தனியிடம் உண்டு. சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியா’ இதழின் மீது 1908இல் ஆங்கில அரசு நடவடிக்கை எடுத்தது. பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் அவ்வாண்டிலேயே அங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. 1881ஆம் ஆண்டு ஜூலை 29இல் இயற்றப்பட்ட பிரெஞ்சு அச்சுரிமைச் சட்டம், முன்அனுமதி பெறாமலே இதழ் நடத்த வழிசெய்திருந்தது.

ஆங்கில அரசால் புதுச்சேரியின் அச்சுக்கூடத்தை மூட இயலவில்லை. ஆகவே, இதழ் தன் ஆட்சிப் பகுதிக்குள் நுழைவதைத் தடுத்தது. வாசகருள் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால் இருந்தமையால், 1910இல் ‘இந்தியா’ நின்றுபோனது. எழுதுவதற்குத் தடையில்லை; எழுதியது சென்று சேரும் வழியே அடைக்கப்பட்டது. பேசுவோர்க்கு வாய் இருந்தால் மட்டும் போதாது. கேட்போரைச் சென்றடையும் பாதையும் வேண்டும். அப்பாதையைத் தம் கையில் வைத்திருப்போர்க்குப் பேச்சின் மீது பேராற்றல் உண்டு. அன்று அவ்வாற்றல் அரசிடம் இருந்தது. இன்று அதன் பெரும்பகுதி இணையத்தளங்களை நடத்தும் நிறுவனங்களிடமும், அவற்றுள் இயங்கும் குழுக்களின் நிர்வாகிகளிடமும் உள்ளது.

அரசுக்கு உள்ள வரம்பு

இந்திய அரசியலமைப்பின் 19(1)(அ) உறுப்பு, குடிமக்கள் அனைவருக்கும் பேச்சுரிமையையும் கருத்து வெளிப்பாட்டுரிமையையும் வழங்குகிறது. 19(2) உறுப்பு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்திற்குத் தூண்டுதல் முதலிய குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டும், நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க அரசுக்கு இடமளிக்கிறது.

இவ்வரம்பை மீறிய சட்டம் ஒன்றின் விளைவைப் புதுச்சேரி நேரில் கண்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, இணையவழியே பிறருக்கு எரிச்சலூட்டும் செய்தி அனுப்புவதையும் குற்றமாக்கியிருந்தது. 2012ஆம் ஆண்டு அக்டோபரில், அரசியல் தலைவர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியைச் சேர்ந்த வணிகர் ஒருவர் அப்பிரிவின்கீழ்க் கைது செய்யப்பட்டார். 2015ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று, ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாததாக்கியது. ‘எரிச்சல்’ என்னும் சொல்லுக்கு வரையறை இல்லை. ஒருவருக்கு எரிச்சலூட்டுவது மற்றொருவருக்கு வெறும் கருத்தாகலாம். ஒரு பொருளை விவாதிப்பதும் ஆதரித்துப் பேசுவதும் உரிமைக்கு உட்பட்டவை. அவை தூண்டுதலாக மாறும்போதே கட்டுப்பாடு எழும் என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. விதி தெளிவற்றிருந்தால் அச்சத்தால் பேச்சு அடங்கும் என்பதே இத்தீர்ப்பு தரும் பாடம்.

தனியார் களங்கள்

விளையாடுவோர் பெரிதும் பயன்படுத்தும் டிஸ்கார்டு என்னும் தளம் 2015இல் தொடங்கப்பட்டது. அதில் எவரும் ஒரு குழுவை உருவாக்கலாம். உருவாக்கியவர் விதிகளை வகுக்கிறார், மட்டுறுத்துநர்களை அமர்த்துகிறார். அவர்கள் ஒரு பதிவை நீக்கலாம். ஒருவரைச் சிறிது காலம் பேசவிடாமல் நிறுத்தலாம். குழுவை விட்டே வெளியேற்றலாம். மட்டுறுத்துநருள் பலர் ஊதியமின்றிப் பணியாற்றும் விளையாட்டு ஆர்வலர்களே.

அவ்வாறு வெளியேற்றப்பட்டவர், தம் அடிப்படை உரிமை பறிக்கப்பட்டதாகக் கூறலாமா? அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசை நோக்கியே கோரப்படுபவை. பேச்சுரிமையை அரசல்லாதோரிடமும் கோர இயலும் என 2023ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. எனினும், விளையாட்டுக் குழுவின் ஒவ்வொரு பூசலையும் நீதிமன்றத்திற்குக் கொண்டுசெல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. மேலும், சங்கம் அமைக்கும் உரிமையும் குடிமக்களுக்கு உண்டு. சதுரங்கம் ஆடுவோர் கூடிய குழுவில் சதுரங்கம் பற்றியே பேச வேண்டும் என விதிப்பது அடக்குமுறையாகாது.

இருவகை மௌனம்

விதியே இல்லாதிருந்தால் பேச்சு முழு உரிமையோடு தழைக்கும் எனச் சிலர் கருதுவர். நிகழ்வுகள் வேறு விதமாக உள்ளன. 2021ஆம் ஆண்டு ஜூனில், பப்ஜி விளையாட்டை நேரலையில் ஒளிபரப்பிய யூடியூபர் ஒருவர், பெண்களை ஆபாசமாகப் பேசியதாக எழுந்த புகார்களின் பேரில் தமிழகத்தில் கைது செய்யப்பட்டார். வசை மலிந்த களத்தில் ஒரு மாணவி ஒலிவாங்கியை அணைத்துவிட்டு விளையாடுகிறாள். அல்லது விளையாட்டையே கைவிடுகிறாள். அவளை எவரும் விதி கூறி வெளியேற்றவில்லை. ஆயினும், அவள் குரல் அங்கே இல்லை.

இதற்கு மறுதலையான மௌனமும் உண்டு. நிர்வாகியின் நண்பர் வசைபாடினால் அது வேடிக்கை. பிறர் நிர்வாகியைக் குறை கூறினால் அது விதிமீறல் எனக் கொள்ளப்படும் குழுவில், உறுப்பினர்கள் உண்மையைச் சொல்ல அஞ்சுவர். விதியின்மை உரத்த குரலுக்கு இடம்கொடுக்கிறது. விருப்பம்போல் மாறும் விதி அதிகாரத்தின் குரலுக்கு இடம்கொடுக்கிறது. இரண்டிலும் எளியவரின் குரலே முதலில் அடங்குகிறது.

இணைய உலகம் இச்சிக்கலை முன்பே சந்தித்துள்ளது. 1990இல் பாவெல் கர்ட்டிஸ் என்பவர், எழுத்துகளால் மட்டுமே இயங்கிய ‘லாம்டாமூ’ என்னும் கற்பனை உலகைத் தொடங்கினார். அங்கு நிர்வாகிகளுக்கு ‘மந்திரவாதிகள்’ என்று பெயர். சமூகப் பூசல்களில் தலையிடுவதில்லை என அவர்கள் ஒதுங்கியிருந்த வேளையில், 1993இல் உறுப்பினர் ஒருவர் பிறரை இழிவுபடுத்தினார். தண்டனை முறை எதுவும் இல்லாமையால், நீண்ட விவாதம் முடிவின்றி நிற்க, ஒரு நிர்வாகி தாமாகவே அவரை நீக்கினார். அதன்பின் உறுப்பினர்கள் கோரிக்கை வைத்து வாக்களித்து விதி செய்யும் முறை கொண்டுவரப்பட்டது. ஒதுங்கிநின்ற அதிகாரமும் திடீரெனப் பாய்ந்த அதிகாரமும் அச்சமூகத்திற்கு நிறைவளிக்கவில்லை.

பொதுவான எடைக்கல்

ஒவ்வொரு குழுவும் தனக்கேற்ற விதிகளை வகுத்துக்கொள்ளலாம்; அது கடைக்காரர் சொல்லும் விலை போன்றது. ஆனால், விதியை நடைமுறைப்படுத்தும் முறைக்குப் பொதுவான அளவை வேண்டும். அது நான்கு கூறுகளைக் கொண்டது. முதலாவது, விதி முன்னதாகவே அனைவர்க்கும் தெரியும்படி எழுதப்பட்டிருத்தல். இரண்டாவது, நண்பர்க்கும் அயலார்க்கும் ஒன்றாக இருத்தல். மூன்றாவது, நீக்கப்பட்டவர்க்குக் காரணம் கூறுதலும் பிழைக்கேற்ற அளவில் நடவடிக்கை எடுத்தலும். நான்காவது, மறுபரிசீலனைக்கு வழியிருத்தல். முடிந்தவரை முடிவெடுத்தவர் அல்லாத ஒருவர் அம்முறையீட்டைக் கேட்டல்.

பெரிய தளங்களைப் பொறுத்தவரை, இவற்றுள் சிலவற்றைச் சட்டமே வலியுறுத்துகிறது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள், தளங்கள் தம் விதிகளை வெளியிடவும் குறைதீர் அலுவலரை அமர்த்தவும் பணித்தன. 2022ஆம் ஆண்டின் திருத்தம், அவ்வலுவலரின் முடிவை எதிர்த்து முறையிடக் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுக்களுக்கு வழிசெய்தது.

ஊதியமின்றி உழைக்கும் மட்டுறுத்துநரிடம் நீதிமன்ற நடைமுறையை எதிர்பார்ப்பது மிகை எனலாம். அதில் உண்மை உண்டு. நள்ளிரவில் நூற்றுக்கணக்கில் குவியும் பதிவுகளை ஒருவர் நிதானமாக ஆராய்தல் அரிது. ஆயினும், ஒரு பக்க விதிமுறையும் ஒரு வரிக் காரணமும் இரண்டாவது ஆளின் பார்வையும் பெருஞ்சுமையல்ல. சிறு வணிகரும் முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்திருக்கிறார். கடை சிறியது என்பதால் எடை குறைவதில்லை.

தனியார் களத்தில் நுழைபவர் அதன் விதிகளுக்கு உடன்படுகிறார். அதேவேளை, அவ்விதிகள் தமக்கும் பிறர்க்கும் ஒரே நிறையில் அளக்கப்பட வேண்டும் எனக் கேட்கும் தகுதியையும் பெறுகிறார். பேசும் உரிமையைக் காப்பதில் நீதிமன்றங்களுக்கு உள்ள பங்கு, வகுப்புக் குழுவையும் விளையாட்டுக் குழுவையும் நடத்தும் மாணவர்க்கும் உண்டு.

தெரிந்து தெளிவோம்

மட்டுறுத்துநர் – இணையக் குழுவில் பதிவுகளைக் கண்காணித்து, விதிகளுக்கு உட்பட்டு நெறிப்படுத்துபவர்.
குறைதீர் அலுவலர் – பயனரின் புகாரைப் பெற்று, உரிய காலத்திற்குள் தீர்வு காணும் பொறுப்புடையவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பின் இணையக் குழுவிற்கு ஐந்து விதிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறுக.
2. “விதியின்மையும் ஒருவகை அடக்குமுறையே” – இக்கூற்றை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் விவாதிக்க.
3. நீக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர் மறுபரிசீலனை கோரிக் குழு நிர்வாகிக்கு எழுதும் கடிதம் ஒன்றை வரைக.