வண்ணமீன் வளர்ப்பில் முதல் பத்து நாட்கள்

சென்னை மாநகரின் வடமேற்கே, ரெட்டேரியை அடுத்து அமைந்துள்ளது கொளத்தூர். வண்ணமீன் உற்பத்திக்கும் மொத்த விற்பனைக்கும் இந்தியா முழுவதும் பெயர் பெற்ற ஊர் இது. கொல்லைப்புறத்திலும் மொட்டை மாடியிலும் கட்டப்பட்ட சிமெண்டுத் தொட்டிகளில் தொடங்கிய இத்தொழில், இன்று சுற்றுப்புறக் கிராமங்களிலும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பிராணவாயு நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் இங்கிருந்து வெளியூர்களுக்குச் செல்லும் மீன்களைக் காண்போர், இதனை எளிய தொழில் என்று கருதக்கூடும். மீனை முட்டையிடச் செய்வது உண்மையில் எளிதுதான். ஒரு தங்கமீன் ஓர் ஈட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. அவற்றுள் எத்தனை குஞ்சுகள் விற்பனைப் பருவத்தை எட்டுகின்றன என்பதே இலாபத்தையும் நட்டத்தையும் முடிவு செய்கிறது. அக்கணக்கின் பெரும்பகுதி முதல் பத்து நாட்களிலேயே தீர்ந்துவிடுகிறது.

வாயின் அளவே உணவின் அளவு

கப்பி, மோலி, வாள்வால் மீன் ஆகியவை குட்டியீனும் இனங்கள். இவற்றின் குஞ்சுகள் பிறந்த சில மணி நேரத்திலேயே நீந்தி இரை தேடும். தாய்மீனே இவற்றுக்கு முதற்பகை. தாயை உடனே பிரித்துவிட்டாலோ, தொட்டியில் வேலம்பாசியை அடர்த்தியாக இட்டாலோ பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும். புதிதாகத் தொழில் தொடங்குவோர் இவ்வினங்களிலிருந்து தொடங்குவது நன்று எனச் சொல்லப்படுவதன் காரணம் இதுவே.

முட்டையிடும் இனங்களின் நிலை வேறு. ஆகாயத்தாமரையின் வேர்களில் ஒட்டியிருக்கும் தங்கமீன் முட்டைகள் நம் தட்பவெப்பத்தில் இரண்டு மூன்று நாட்களில் பொரிந்துவிடும். வெளிவரும் குஞ்சு நீந்துவதில்லை. தொட்டிச் சுவரிலும் வேரிலும் ஒட்டிக்கொண்டு, வயிற்றடியிலுள்ள கருவுணவுப் பையைக் கொண்டு மேலும் இரண்டு மூன்று நாட்கள் வாழும். அப்போது உணவிடுதல் கூடாது. இட்டால் அது அழுகி நீரைக் கெடுக்கும். பை வற்றிக் குஞ்சு நீந்தத் தொடங்கிய அன்றோ, உணவு இல்லாமல் இருத்தல் கூடாது. இவ்விரண்டு தவறுகளில் ஏதேனும் ஒன்றுக்குப் பெரும்பாலான புதியவர்கள் ஆளாகின்றனர்.

நீந்தத் தொடங்கும் குஞ்சின் வாய் மிகச் சிறியது; கௌராமி, சண்டைமீன் குஞ்சுகளின் வாய் அதனினும் சிறியது. எவ்வளவு பொடியாக்கிய தூள் உணவாயினும் அவ்வாயில் நுழைவது அரிது. நுழைந்தாலும், அசையாப் பொருளை இரையெனக் குஞ்சு அறிவதில்லை. எனவே பாரமீசியம் முதலிய நுண்ணுயிர்களே முதல் உணவு. வாழைப்பழத் தோலையோ முட்டைக்கோசு இலையையோ ஊறவிட்ட நீர் முதலில் பால்போல் கலங்கி நாறும். நான்கைந்து நாட்களில் தெளிந்து இளமஞ்சள் நிறம் பெறும். நுண்ணுயிர்கள் பெருகியிருப்பதன் அடையாளம் இது. இந்நீர் பக்குவமாக அத்தனை நாட்கள் பிடிப்பதால், மீன்களை இணை சேர்ப்பதற்கு முன்னரே தோலை ஊறவிட வேண்டும். பொரித்த குஞ்சுகளைக் கண்ட பிறகு ஊறவிடுவது, பிள்ளை அழும்போது நெல் விதைப்பதை ஒக்கும்.

சில நாட்கள் கழித்து ஆர்ட்டீமியா இளரிகளைத் தரலாம். உறங்குநிலையிலுள்ள இதன் முட்டைகளை உப்பு நீரிலிட்டுக் காற்றுச் செலுத்தினால் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அரை மில்லிமீட்டர் அளவுள்ள இளரிகள் பொரிந்து வரும். பொரித்த சில மணி நேரத்துக்குள் இவற்றை இடுதல் வேண்டும். தாமதித்தால் தம் கருவுணவைத் தாமே செலவிட்டுச் சத்துக் குறைந்துவிடும். முட்டை ஓடுகளை நீக்குவதும் கட்டாயம். அவற்றை விழுங்கும் குஞ்சுகளுக்குக் குடல் அடைபடக்கூடும். விலை கருதி, வேகவைத்த முட்டையின் மஞ்சட் கருவைத் துணியில் பிழிந்து இடுவோரும் உளர். கைப்பிடி சற்றுத் தாராளமானால் மறுநாள் தொட்டி நாறும். சாக்கடை வாய்க்கால்களில் எடுக்கப்படும் டியூபிஃபெக்ஸ் புழு மலிவானதே. ஆயினும் நோயைக் கொண்டுவரக்கூடியது.

பிற்பகலில் நிகழும் சாவு

காலையில் துள்ளித் திரிந்த குஞ்சுகள் பிற்பகலில் கூட்டமாக மடிவதுண்டு. நோய் என்று எண்ணி மருந்து ஊற்றுவோர் பலர். குற்றம் பெரும்பாலும் அமோனியாவுடையது. மிஞ்சிய உணவிலிருந்தும் கழிவிலிருந்தும் உண்டாகும் அமோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கும். அவற்றுள் ஒன்றே கொடிய நச்சு. 25 பாகை செல்சியசில், நீரின் கார அமில எண் 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு மட்டுமே நச்சு வடிவில் இருக்கும். அவ்வெண் 8 ஆனால் 5 விழுக்காட்டுக்கு மேல். பாசி படர்ந்த திறந்தவெளித் தொட்டியில், வெயிலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிற்பகலில் இவ்வெண் உயர்கிறது. நீரின் வெப்பமும் உடன் உயர்கிறது. காலையில் தீங்கு செய்யாதிருந்த அதே அமோனியா மாலைக்குள் நஞ்சாகிவிடுகிறது. மருந்தினால் இதற்குப் பயனில்லை. உணவைச் சிறுகச் சிறுகப் பலமுறை இடுதல், அடிக்கழிவை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்தல், அதே வெப்பமுள்ள பழைய நீரைச் சிறிதளவு மாற்றுதல், தொட்டிக்கு நிழல் அமைத்தல் ஆகியவையே பரிகாரம். குஞ்சுகளை உறிஞ்சிக்கொள்ளாத கடற்பஞ்சு வடிகட்டி இக்கட்டத்தில் பெரிதும் உதவும். குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாளேனும் காற்றோட்டத்துடன் திறந்து வைத்த பின்னரே பயன்படுத்துதல் வேண்டும்.

சண்டைமீன், கௌராமிக் குஞ்சுகளுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. சில வாரங்களில் இவற்றுக்குக் காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்பு வளர்கிறது. அப்போது நீர்மட்டத்தில் எண்ணெய்ப் படலம் இருந்தாலும், குளிர்ந்த காற்று பட்டாலும் குஞ்சுகள் பெருமளவில் மடியும். மார்கழி மாதத்தில் தொட்டியை மூடிவைக்கும் வழக்கம் இதனால் வந்ததே.

கடல்மீன்களில் இதே சிக்கல் இன்னும் நுண்ணியது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்திலும் கோமாளி மீன் குஞ்சுகள் உற்பத்தி செய்யப்பட்டுள்ளன. அங்கும் முதல் உணவே முதல் வேலை. ரோட்டிபர் என்னும் நுண்ணுயிரையும், அதற்கு இரையாகும் பாசியையும் தனித்தனியே வளர்த்த பின்னரே மீனின் முறை வருகிறது.

தொட்டிக் கணக்கும் குஞ்சுக் கணக்கும்

2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், கொல்லைப்புற வண்ணமீன் வளர்ப்பு அலகு ஒன்றின் மதிப்பு 3 இலட்சம் ரூபாய் என வகுக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் வழங்க வகை செய்யப்பட்டது. எஞ்சிய தொகை பயனாளியின் சேமிப்பு அல்லது வங்கிக் கடன். மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றுக்கு அது சிறு தொகையன்று.

தொட்டி, கூரை, காற்றுக்குழாய் ஆகியவற்றைக் கண்ணால் எண்ணிவிடலாம். ஆய்வுக்கு வரும் அலுவலர் அவற்றோடு, ஈட்டுக்கு ஈடு முப்பதாம் நாளில் உயிரோடிருந்த குஞ்சுகளின் எண்ணிக்கை குறிக்கப்பட்ட பதிவேட்டையும் கேட்டல் வேண்டும். பயிற்சியின்போது வாழைத்தோல் நீரின் ஒரு துளியை நுண்ணோக்கியில் பயிற்சியாளர் ஒவ்வொருவருக்கும் காட்டுவதற்கு அரைமணி நேரம் போதும். அதில் நெளியும் உயிர்களைப் பார்த்தவர், மறுமுறை ஆண்மீனையும் பெண்மீனையும் ஒரே தொட்டியில் விடுமுன் தோல் ஊறிவிட்டதா என்று பார்ப்பார்.